சிம்லாவுக்கு மாற்றல்: ஜிம்மியையும் ராணியையும் என்ன செய்வது?

கேள்வி: டாக்டர், நாங்கள் தண்டையார்பேட்டையில் முப்பது வருடமாக இருக்கிறோம். கணவருக்கு மத்திய அரசு வேலை. இப்போது சிம்லாவுக்கு மாற்றல் வந்திருக்கிறது, டிசம்பர் கடைசியில் போய்ச் சேர வேண்டும். வீட்டில் இரண்டு நாய்கள். ஜிம்மி வெள்ளைப் பொமரேனியன், பதினோரு வயது. ராணி நாட்டு நாய், நாலு வயது, காசிமேட்டில் மீன் ஏலம் விடும் இடத்தில் குட்டியாகக் கிடைத்தவள். ஒல்லி, குட்டை முடி. ஜிம்மிக்குச் சடை இருக்கிறது, குளிர் தாங்குவான், ராணியை மட்டும் யாரிடமாவது விட்டுவிட்டுப் போகலாம் என்று வீட்டில் பேச்சு. எனக்கு மனசு கேட்கவில்லை. பனி விழுகிற ஊரில் ராணி பிழைப்பாளா? ஜிம்மிக்கு வேறு கொஞ்ச நாளாக ராத்திரியில் இருமல். மாமியார் இங்கேயேதான் இருப்பார். எங்கள் வாசலில் ஒரு தெருநாய் நாலு குட்டி போட்டிருக்கிறது. மார்கழிக்கு அதுகளை என்ன செய்வது என்று அவரும் கேட்கச் சொன்னார்.

பதில்:

ராணி பிழைப்பாள் அம்மா. அவளை யாரிடமும் விட வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு: ‘ஜிம்மிக்குக் கொஞ்ச நாளாக ராத்திரியில் இருமல்.’ வீட்டில் எல்லாரும் ராணியைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். நான் கவலைப்படுவது ஜிம்மியைப் பற்றி. ஏன் என்று பிறகு சொல்கிறேன். குளிர் என்றால் என்ன என்பதை முதலில் பேசிவிடுவோம், நம் ஊர்க்காரர்களுக்கு அதில்தான் குழப்பம்.

சிம்லா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரம். ஜனவரி இரவுகளில் பூஜ்யத்தை ஒட்டி வரும், சில நாள் அதற்கும் கீழே இறங்கும், பனியும் விழும். நமக்கு ஜனவரி விடியற்காலையில் இருபது டிகிரி இருந்தாலே காதில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு பால் வாங்கப் போகிறோம். இருபது எங்கே, பூஜ்யம் எங்கே என்று பயப்படுவது நியாயம்தான். ஆனால் நாயின் உடம்பு அந்த எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. ஈரம், காற்று, படுக்கிற தரை, இந்த மூன்றும்தான் அதன் சூட்டை உறிஞ்சுகின்றன.

நான் பார்த்ததிலேயே மிகவும் குளிர்ந்துபோன நாய் எந்த மலையிலும் இல்லை, வியாசர்பாடியில் இருந்தது. 2015 டிசம்பர் வெள்ளம். ராத்திரி முழுக்க வயிறு வரை தண்ணீரில் நின்ற ஒரு பழுப்பு நாயை, மறுநாள் காலை இரண்டு பையன்கள் மீன்பாடி வண்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அன்று வெளியே குளிர் என்று சொல்ல ஒன்றுமே இல்லை; இருபத்துமூன்று, இருபத்துநாலு டிகிரி இருந்திருக்கும். நாய்க்குச் சாதாரணமாக 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும். ஆசனவாயில் டிஜிட்டல் தெர்மாமீட்டரை வைத்தால் எண்ணே வரவில்லை, ‘லோ’ என்று மட்டும் காட்டியது. அந்தக் கருவி 90க்குக் கீழே படிக்காது. “நடுக்கம் நின்னுடுச்சு சார், இப்போ பரவாயில்லை” என்றான் ஒரு பையன். எனக்கு வயிற்றைக் கலக்கியது. குளிரில் நடுங்குகிற நாய் இன்னும் போராடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உடம்பு நனைந்து சில்லென்று இருக்கும்போதே நடுக்கம் நின்றால், சூடு உண்டாக்கக்கூட அதற்குத் தெம்பு இல்லை என்று அர்த்தம்.

நாய் பிழைத்துவிட்டது. ஆனால் அன்று நான் ஒரு தவறு செய்தேன். அவசரத்தில் வெந்நீர்ப் பையைத் துணி சுற்றாமல் அப்படியே விலாவில் வைத்துவிட்டேன். குளிர்ந்த தோலில் ரத்த ஓட்டம் குறைவு, வந்த சூட்டை எடுத்துக்கொண்டு போக ஆள் இல்லை. ஒரு வாரம் கழித்து அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து வந்தது. வெள்ளம் தந்த காயம் இல்லை அது, நான் தந்தது. இதை நீங்கள் நினைவில் வையுங்கள், கீழே மறுபடி வரும்.

ஆக, காய்ந்த உடம்போடு காற்றில்லாத இடத்தில் மெத்தென்ற படுக்கையில் இருக்கிற நாய் சிம்லாவிலும் சுகமாக இருக்கும். ஈரத்தோடு மொசைக் தரையில் படுக்கிற நாய் தண்டையார்பேட்டையிலும் நோயில் விழும்.

இப்போது ராணி. அவள் உடம்பில் இருப்பது ஒரே அடுக்கு முடி. மலை ஊர் நாய்களுக்கு மேலே முரட்டு முடியும் அடியில் பஞ்சு மாதிரி இன்னொரு அடுக்கும் உண்டு. நம் கடற்கரை நாய்களுக்கு அந்த அடி முடி அநேகமாகக் கிடையாது. பகல் சுருங்கச் சுருங்க, குளிர் ஏற ஏற, நாயின் உடம்பு முடியைக் கொஞ்சம் அடர்த்தியாக்கிக்கொள்ளும். அதற்கு வாரக்கணக்கில் நேரம் வேண்டும். ஒருவன் செப்டம்பரில் சிம்லா போனால் அவன் நாய் குளிரோடு சேர்ந்தே தயாராகும். நீங்கள் டிசம்பர் கடைசியில் போனால் ராணி வண்டியிலிருந்து இறங்கி நேராகப் பனியில் கால் வைக்கப் போகிறாள். அதனால் அவளுக்கு ஸ்வெட்டர் வேண்டும். அலங்காரத்துக்கு இல்லை, நிஜமாகவே வேண்டும்.

ஸ்வெட்டர் என்றதும் முதுகை மட்டும் மூடுகிற துண்டுத்துணியை மாட்டிவிடுகிறார்கள். சூடு போவது அடியில்தான்: மார்பு, அடிவயிறு, தொடை இடுக்கு. அங்கெல்லாம் முடி குறைவு. உங்கள் கணவரின் பழைய கம்பளி ஸ்வெட்டர் ஒன்றை எம்.சி. ரோட்டுப் பக்கம் ஒரு தையற்காரரிடம் கொடுத்து, கழுத்திலிருந்து அடிவயிறு வரை மூடுகிற மாதிரி வெட்டித் தைக்கச் சொல்லுங்கள். அக்குளில் உராயாமல் இரண்டு விரல் இடம் விடச் சொல்லுங்கள். இரண்டாகத் தைத்துக்கொள்ளுங்கள், ஒன்று நனைந்தால் மாற்ற வேண்டும். நனைந்த ஸ்வெட்டர் ஸ்வெட்டரே இல்லாததைவிட மோசம். வீட்டுக்குள் வந்ததும் கழற்றிவிடுங்கள். இங்கேயே பத்து நாள் சாயங்காலம் கொஞ்ச நேரம் போட்டுப் பழக்குங்கள். முதல் நாள் ராணி சிலை மாதிரி நிற்பாள், இல்லை தரையில் உருண்டு கழற்றப் பார்ப்பாள். சிரிக்காமல் ஒரு துண்டு மீன் கொடுங்கள், பழகிவிடுவாள்.

பனியில் வெறுங்காலோடு எப்படி நடப்பாள் என்று உங்களுக்குத் தோன்றும். பாதத்தை இயற்கை நன்றாகவே கட்டியிருக்கிறது. உடம்பிலிருந்து சூடான ரத்தம் கொண்டு வரும் குழாயும், பாதத்திலிருந்து குளிர்ந்த ரத்தம் திரும்பும் குழாய்களும் அங்கே ஒன்றை ஒன்று ஒட்டியே ஓடுகின்றன. பாதத்துக்குப் போகிற ரத்தம் தன் சூட்டைத் திரும்பி வருகிற ரத்தத்துக்குக் கொடுத்துவிடும். அதனால் பாதம் குளிர்ந்தாலும் உடம்பின் சூடு அந்த வழியாக ஒழுகிப் போவதில்லை. ராணிக்கு நிஜமான ஆபத்து காது நுனியும் வால் நுனியும்தான். இவை மெல்லியவை, முடி குறைந்தவை. உடம்பு குளிர்ந்தால் முதலில் ரத்தத்தை நிறுத்துவதும் இங்கேதான்.

முதல் பதினைந்து நாள் வெளியே பத்து நிமிடம் போதும். வெயில் ஏறிய பிறகு, பதினோரு மணிக்கு மேல் கூட்டிப் போங்கள். எப்போது திரும்ப வேண்டும் என்று அவளே சொல்வாள். ஒவ்வொரு காலாக மாற்றி மாற்றித் தூக்கி நிற்பது, வாலை உள்ளே சுருட்டுவது, முதுகைக் கூன் போடுவது, நடு வழியில் நின்று வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்ப்பது, இதில் எதைப் பார்த்தாலும் உடனே திரும்பிவிடுங்கள். ‘இன்னும் கொஞ்ச தூரம், பழகட்டும்’ என்று இழுக்காதீர்கள். குளிர் விஷயத்தில் நாய்க்குப் பழக்கம் நாலு நாளில் வராது.

திரும்பி வந்ததும் வாசலிலேயே ஒரு பழைய துண்டு வைத்து வயிறு, கால் இடுக்கு, விரல் நடுவே எல்லாம் துடையுங்கள். பனி உருகச் சாலையில் உப்பு தூவியிருந்தால் அது விரல் நடுவே எரியும், நக்கினால் வாந்தி வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் காலை முக்கி எடுத்துத் துடைத்தால் போதும். பாதம் வெடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள், நம் வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதானே. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். நம் ஊரிலேயே தை மாதக் காலையில் பாட்டிலைக் கவிழ்த்தால் விழாது. சிம்லாவில் அதை நீங்கள் கத்தி வைத்துத்தான் வெட்ட வேண்டும். வாசலின் வாங்கிக்கொள்ளுங்கள், நடக்கப் போகும் முன் மெல்லிசாகப் பூசுங்கள், வந்ததும் துடைத்துவிடுங்கள்.

சரி, ஜிம்மிக்கு வருவோம்.

சடை இருப்பதால் ஜிம்மி குளிர் தாங்குவான் என்று உங்கள் வீட்டில் சொல்வதில் பாதி உண்மை. பொமரேனியனுக்கு இரண்டு அடுக்கு முடி. நடுவில் சிக்கிக்கொள்ளும் காற்றுதான் அதற்குப் போர்வை. முடியில் சிக்கு விழுந்து அடை அடையாக ஒட்டிக்கொண்டால் அந்தக் காற்று நிற்க இடமில்லை. போர்வை கிழிந்த மாதிரிதான். அதனால் தினமும் சீவ வேண்டும். மொட்டை அடிக்கக் கூடாது. இங்கே சித்திரை வெயிலுக்கு ஒட்ட வெட்டும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. எனக்கு அது வெயிலுக்கே பிடிக்காது, சிம்லா போகிற நாய்க்குக் கேட்கவே வேண்டாம். விரல்களுக்கு நடுவே வளரும் முடியை மட்டும் கத்தரியுங்கள். இல்லாவிட்டால் அங்கே பனி உருண்டை உருண்டையாக ஒட்டிக்கொள்ளும், கண்ணாடிச் சில்லு மேல் நடப்பதுபோல நொண்டுவான்.

இதெல்லாம் வெளித் தோல் சமாசாரம். உள்ளே இருப்பதுதான் என் கவலை. பதினோரு வயதுப் பொமரேனியனுக்கு ராத்திரி இருமல் என்றால் எனக்கு இரண்டு சந்தேகம் வரும். ஒன்று, மூச்சுக்குழாய் வளையங்கள் தளர்ந்து உள்ளே அமுங்குவது. இந்தச் சின்ன ஜாதி நாய்களுக்கு இது நிறைய. வாத்து கத்துவதுபோல் வறட்டு இருமல் வரும். பட்டையைப் பிடித்து இழுத்தால், சந்தோஷத்தில் குதித்தால், குளிர்ந்த காற்று பட்டால் கூடும். இரண்டு, இதய வால்வு தேய்ந்து இதயம் வீங்குவது. இதில் படுத்திருக்கும்போதும் விடியற்காலையிலும் இருமல் அதிகம். இரண்டில் எது இருந்தாலும் சிம்லாவின் வறண்ட குளிர் காற்று அதைக் கிளப்பிவிடும், உயரத்தில் காற்றும் மெலிசு. போதாததற்கு அது முழுக்க ஏற்ற இறக்கமான ஊர், வீட்டிலிருந்து சாலைக்கு வரவே ஐம்பது, அறுபது படி இருக்கும். பதினோரு வயது முட்டிக்கு அது தனித் தண்டனை.

என் யோசனை இதுதான், வீட்டில் சண்டை வராமல் பேசிப் பாருங்கள். உங்கள் கணவர் டிசம்பரில் போய் வேலையில் சேரட்டும், வீடு பார்க்கட்டும். நீங்களும் இரண்டு நாய்களும் மார்ச் கடைசியில் போங்கள். அப்போது அங்கே குளிர் குறைய ஆரம்பித்திருக்கும். அடுத்த குளிர் வருவதற்குள் ஏழெட்டு மாதம் கிடைக்கும், ராணிக்கு முடி தயாராகும், ஜிம்மிக்கு மருந்து என்ன என்று தெளிவாகும். நீங்களும் டிசம்பரிலேயே போயாக வேண்டும் என்றால் ராணியைக் கூட்டிப் போங்கள், ஜிம்மி மாமியாரோடு மார்ச் வரை இருக்கட்டும். உங்கள் வீட்டில் பேசியதற்கு நேர்மாறு, எனக்குத் தெரியும்.

எப்போது போனாலும் ஜிம்மிக்குக் கழுத்துப் பட்டை வேண்டாம், மார்போடு மாட்டுகிற ஹார்னஸ் வாங்குங்கள். முட்டிவலிக்கு வீட்டில் இருக்கும் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். இபுப்ரோஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாரசிட்டமால் அளவு கொஞ்சம் மீறினால் ஈரல் போய்விடும். இன்னொன்று, வடசென்னையில் இதைச் சொல்ல எனக்கே சங்கடம்: ஜிம்மிக்குக் கருவாடு நிறுத்த வேண்டும். இதயத்தில் கோளாறு இருந்தால் அந்த உப்பு அவனுக்கு ஆகாது. ராணிக்கு எப்போதாவது ஊறவைத்து உப்பு போகக் கழுவிக் கொடுங்கள், பாவம், பிறந்த இடம் அப்படி.

பயணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சென்ட்ரலில் ஏறினால் டில்லிக்கு முப்பது மணி நேரத்துக்கு மேல். நாயை நம்மோடு வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் முதல் வகுப்பு ஏசியில் ஒரு கூபேயை, அதாவது இரண்டு பேருக்கான தனி அறையை, முழுதாகப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டுதான். தயவுசெய்து கூண்டு வேண்டாம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டாம் இரவுதான் போபால், ஜான்சி, ஆக்ரா வரும். டிசம்பரில் அந்தப் பக்கம் மூடுபனியும் ஊசிக் காற்றும். இரும்புத் தரையில் ஒரு குட்டை முடி நாய் எட்டு மணி நேரம் படுத்தால் சிம்லா போய்ச் சேரும் முன்பே நான் சொன்ன வியாசர்பாடிக் கதைதான். பணம் கூட ஆகும், ஆகட்டும். தூக்க மருந்து கொடுத்துக் கூட்டிப் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூடாது. அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், உடம்புச் சூட்டையும் இறக்கும். வெறிநோய்த் தடுப்பூசி அட்டையும், பயணத்துக்குத் தகுதி என்ற மருத்துவச் சான்றும் கையில் இருக்க வேண்டும்.

மலையடிவாரத்தில் இருக்கும் கால்காவிலிருந்து மலையேற டாக்சி வைத்துக்கொள்ளுங்கள். வளைவுகளில் நாய்கள் வாந்தி எடுக்கும், புறப்படுவதற்கு நாலைந்து மணி நேரம் முன்பே அவற்றின் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். பொம்மை ரயிலில் நீங்கள் தனியாக ஒருநாள் போய் வாருங்கள். அந்தக் கால்கா–சிம்லா பாதையும் நான் படித்த வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் ஒரே 1903-ஆம் ஆண்டில் தொடங்கியவை. இதனால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை, எனக்குச் சொல்லப் பிடிக்கும்.

அங்கே வீட்டுக்குள் படுக்கை தரையைத் தொடக் கூடாது. ஒரு சின்னப் பலகைக் கட்டில், நாலு அங்குல உயரம் போதும், அதன்மேல் மடித்த கம்பளி. கதவுக்கு நேராகப் போடாதீர்கள். ரூம் ஹீட்டர் வைத்தால் நாய் அதோடு ஒட்டிக்கொண்டு படுக்கும், முடி கருகுகிற வாசம் வரும் வரை எழுந்திருக்காது. சுற்றி ஒரு தடுப்பு வையுங்கள். கரி போட்டு மூட்டுகிற அங்கீட்டியை மூடிய அறையில் வைத்துத் தூங்கவே தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசம் கிடையாது. வட இந்தியாவில் குளிர்காலம் தோறும் குடும்பத்தோடு மனிதர்களே இதில் சாகிறார்கள், நாய் எந்த மூலை.

சாப்பாடு: வீட்டுக்குள்ளேயே இருக்கிற நாய்க்குக் குளிர் என்பதற்காகக் கூடுதலாகப் போட வேண்டியதில்லை. தினம் இரண்டு மூன்று மணி நேரம் வெளியே ஓடுகிறாள் என்றால் ராணிக்குக் கால் பங்கு கூட்டுங்கள். விலா எலும்பு தடவினால் தெரிய வேண்டும், தூரத்திலிருந்து எண்ணக் கூடாது. தண்ணீரைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். குளிர் காற்று வறண்டது, மூச்சிலேயே நீர் போகும். சில்லென்ற தண்ணீரை நாய் அதிகம் குடிக்காது. ஒரு நாளைக்கு மூன்று தடவை வெதுவெதுப்பாக மாற்றி வையுங்கள். வெளியே வைப்பதானால் எவர்சில்வர் கிண்ணம் வேண்டாம், உறைந்த உலோகத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

கூலன்ட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வண்டி ரேடியேட்டரில் ஊற்றுகிற அந்தப் பச்சைத் தண்ணீரில் எத்திலீன் கிளைக்கால் என்ற பொருள் இருக்கும். இனிப்பாக இருக்கும், நாய் ஆசையாக நக்கும். ஜிம்மி அளவு நாய்க்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டியே உயிருக்கு ஆபத்து. முதலில் குடித்தவன் மாதிரி தள்ளாடும், வாந்தி எடுக்கும். அப்புறம் சரியாகிவிட்டதுபோல் தெரியும். அந்த நேரத்தில்தான் வீட்டுக்காரர்கள் ஏமாறுகிறார்கள். ஒன்றிரண்டு நாளில் சிறுநீரகம் அடைத்துக்கொள்ளும், அதன் பிறகு கொண்டு வந்தால் எங்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. நக்கினது தெரிந்த உடனே ஓட வேண்டும், நாய் நன்றாக இருக்கிறதா என்று காத்திருந்து பார்க்கக் கூடாது. குளிர் ஊர்களில் இதை எல்லா வண்டியிலும் ஊற்றுவார்கள். மாதவரம், மணலிப் பக்கம் லாரி நிறுத்தும் இடங்களிலும் தரையில் பார்க்கலாம், நம் ஊர்க்காரர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்புறம், ராத்திரியில் இரண்டையும் வெளியே விடாதீர்கள். காரணம் குளிர் மட்டுமில்லை. சிம்லாவைச் சுற்றிய காட்டில் சிறுத்தை உண்டு, ஊருக்குள் இறங்கி நாயைத் தூக்கிக்கொண்டு போவது அங்கே புதிய செய்தி இல்லை. இமயமலைக் கிராமங்களில் ஆட்டுக்காரர்கள் காவல் நாயின் கழுத்தில் முள் வைத்த இரும்புப் பட்டை மாட்டுவது இதற்காகத்தான். ராணி காசிமேட்டில் எத்தனை பூனையை விரட்டியிருந்தாலும் இந்தப் பூனை வேறு.

ஒருவேளை எந்த நாயாவது நனைந்து, விறைத்து, சோர்ந்து கிடந்தால்: முதலில் ஈரத்தை எடுங்கள். நன்றாகத் துடைத்துக் கம்பளியில் சுற்றுங்கள். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி மார்புக்கும் வயிற்றுக்கும் பக்கத்தில் வையுங்கள். கை காலில் வைக்காதீர்கள். முதலில் நடு உடம்பு சூடாக வேண்டும். துணி சுற்றாமல் வைத்தால் என்ன ஆகும் என்று மேலே என் கதையில் படித்தீர்கள். தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும், முனையில் வாசலின் தடவி ஆசனவாயில் ஒரு அங்குலம். 99 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே என்றால் கவலை, 95க்குக் கீழே என்றால் சுற்றிக்கொண்டே டாக்டரிடம் ஓடுங்கள். தெளிவாக விழித்திருந்து தானாக விழுங்கினால் மட்டும் வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீர். பிராந்தி கூடாது. நம் பக்கம் குளிரில் கிடக்கிற குட்டிக்கு இரண்டு சொட்டு பிராந்தி விடும் வைத்தியம் இன்னும் ஒழியவில்லை. பிராந்தி தோலில் ரத்தக் குழாயை விரிக்கும். உள்ளே மிச்சமிருக்கிற சூடும் வெளியே போய்விடும்.

காது நுனியோ வாலோ வெளுத்து, சாம்பல் நிறமாகி, தொட்டால் கல் மாதிரி இருந்தால் அது உறைந்திருக்கிறது. தேய்க்காதீர்கள். உள்ளே இருப்பது ஐஸ் ஊசிகள், தேய்த்தால் சதையைக் கிழிக்கும். நம் முழங்கை தாங்குகிற சூட்டில் தண்ணீர் எடுத்துத் துணியை நனைத்து மெல்ல ஒற்றுங்கள், காய வைத்துவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். வழியில் மறுபடி உறையும் என்றால் அங்கே போகும் வரை உருக்க வேண்டாம். பாதிப்பு எவ்வளவு என்பது நாலைந்து நாள் கழித்துத்தான் தெரியும்.

இனி உங்கள் மாமியார் கேட்டது. தெருநாய்கள் பெரும்பாலும் மழைக்காலத்தை ஒட்டி இணை சேரும், அதனால் கார்த்திகை, மார்கழியில் எந்தத் தெருவிலும் குட்டி கிடக்கும். பிறந்த முதல் ஒரு வாரம் குட்டிக்கு நடுங்கக்கூடத் தெரியாது. தாய் வயிறும் கூடப் பிறந்தவர்களும்தான் அதற்குச் சூடு. ஆகவே குட்டிகளைத் தாயிடமிருந்து எடுத்து வீட்டுக்குள் கொண்டு போக வேண்டாம் என்று மாமியாரிடம் சொல்லுங்கள். இடத்தை மாற்றினால் தாய் தூக்கிக்கொண்டு வேறு எங்காவது, பெரும்பாலும் ஒரு கால்வாய் ஓரத்துக்கு, போய்விடும். இருக்கிற இடத்தையே சரி செய்தால் போதும். கீழே ஒரு மரப்பலகை, அதன்மேல் இரண்டு காய்ந்த கோணிச்சாக்கு, கடல் காற்று வரும் கிழக்குப் பக்கம் ஒரு அட்டைப்பெட்டியோ தார்ப்பாயோ. கோணிச்சாக்குக்கு உள்ளே வைக்கோல் கிடைத்தால் திணிக்கலாம், பழைய போர்வையைவிட அது நல்லது. போர்வை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். சாக்கைக் காலையில் தொட்டுப் பார்த்து ஈரமாக இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். மஞ்சள் தண்ணீர், சோப்பு என்று குட்டிகளைக் குளிப்பாட்டவே கூடாது. தாய்க்கு இரண்டு வேளை சோறும் மீனும் போட்டால் பால் ஊறும், குட்டிகளை அது பார்த்துக்கொள்ளும். வாசலில் வண்டி நிறுத்துகிறவர்கள் காலையில் கிளப்பும் முன் பானெட்டை இரண்டு தட்டு தட்டட்டும், டயர் அடியிலும் குனிந்து பார்க்கட்டும். எஞ்சின் சூட்டுக்குக் குட்டிகள் அங்கேதான் போய் ஒண்டும்.

டிக்கெட் எடுக்கும் முன் ஜிம்மியை ஒரு எக்ஸ்ரேக்கும் இதய ஸ்கேனுக்கும் கூட்டி வாருங்கள், வேப்பேரி மருத்துவமனையிலும் பார்ப்பார்கள். ராணிக்கு ஒரு ரத்தப் பரிசோதனை. நம் பக்கத்து நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சல் வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும், ரத்தம் குறைந்த நாய் குளிரைத் தாங்காது. அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள்: ராத்திரி ஜிம்மி இருமும்போது போனில் வீடியோ எடுத்து வையுங்கள், சத்தம் தெளிவாக வர வேண்டும். இருபத்தேழு வருடத்தில் என் மேஜைமேல் ஏறி நின்றதும் இருமிக் காட்டிய நாய் ஒன்றுகூட இல்லை.